சுவிட்ச் போர்ட்டுகளைச் சேர்த்து ஒரே இணைப்பாக்குவது எப்படி? செட்டிநாட்டில் நெட்வொர்க் வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் கல்யாண ஸ்டூடியோ நடத்துபவர்கள் பலருக்கும் இன்று ஒரே சிக்கல். முகூர்த்தம் முடிந்து வரும் கேமரா கார்டுகளை எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது எல்லாரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொதுச் சேமிப்புப் பெட்டியில், இறக்கி வைக்கிறார்கள். ஒருவர் ஆல்பம் டிசைன் செய்கிறார், ஒருவர் வீடியோ வெட்டுகிறார், இன்னொருவர் கலர் பார்க்கிறார். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததும் டைம்லைன் திக்கித் திணறும். நாஸின் பின்னால் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கும். ஒன்றில்தான் கேபிள் போயிருக்கும். சும்மா கிடக்கும் அந்த இரண்டாவது போர்ட்டையும் வேலையில் சேர்ப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம். பிசிகளையும் நாஸையும் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே இரண்டு கேபிள் போடுவதற்கும் இதே முறைதான்.

இதற்குப் பொதுவான பெயர் லிங்க் அக்ரிகேஷன். பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும் என்பதால் மெனுவில் தேடும்போது தடுமாற வேண்டாம். சிஸ்கோவில் ஈதர்சேனல் அல்லது போர்ட் சேனல், டிபி-லிங்கில் லேக், சினாலஜி நாஸிலும் லினக்ஸிலும் பாண்ட், க்யூநாப்பில் போர்ட் டிரங்கிங், விண்டோஸ் சர்வரில் டீமிங். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: எச்பியின் பழைய புரோகர்வ் வழி வந்த சுவிட்சுகளில் டிரங்க் என்றால் இந்தச் சேர்க்கை, சிஸ்கோவில் டிரங்க் என்றால் பல விலான்களை, அதாவது ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளை, சுமக்கும் போர்ட். ஒன்றை நினைத்து மற்றொன்றை அமைத்தால் அரை நாள் போய்விடும்.

இந்த யோசனை 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வினோத் பரத்வாஜ் என்ற இந்தியர் அமெரிக்காவில் தொடங்கிய கல்பனா என்ற நிறுவனம்தான் ஈதர்சேனலைக் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரம் 2000ஆம் ஆண்டு 802.3ஏடி என்ற எண்ணில் வந்தது. 2008இல் அது 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணுக்கு மாறியது. ஆனாலும் இன்றுவரை மெனுக்களிலும் பெட்டிமேல் ஒட்டிய அட்டைகளிலும் 802.3ஏடி என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதற்குள் இருக்கும் பேச்சுமொழியின் பெயர் எல்ஏசிபி. இரண்டு முனைகளும் "நான் இன்ன பெட்டி, இந்தக் கேபிள் இன்ன குழுவைச் சேர்ந்தது" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதற்கான முறை அது.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

வேலையில் இறங்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். திருச்சி ரோட்டில் லெம்பலக்குடி டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைகளைக் கூட்டினால் ஒரு நிமிடத்தில் கடக்கும் வண்டிகள் கூடும். ஆனால் உங்கள் ஒரு கார் ஒரு வரிசையில்தான் போக முடியும். பக்கத்தில் எத்தனை வரிசை திறந்திருந்தாலும் அது வேகமாகப் போகாது. போர்ட் சேர்க்கையும் அப்படியே. இரண்டு 1 கிகாபிட் கேபிள்களைச் சேர்த்தால் மொத்தக் கொள்ளளவு 2 கிகாபிட் ஆகும். ஆனால் ஒரு பிசியிலிருந்து நாஸுக்குப் போகும் ஒரு கோப்புக் காப்பி ஒரே கேபிளில்தான் போகும். அதன் உச்சம் 1 கிகாபிட்தான்.

ஏன் ஒரே காப்பியை இரண்டாகப் பிரித்து அனுப்பக் கூடாது? பிரித்தால் துண்டுகள் முன்பின்னாக வந்து சேரும். வரிசை குலைந்தால் வழியில் ஏதோ தொலைந்துவிட்டது என்று டிசிபி (துண்டுகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்க்கும் விதிமுறை) எண்ணிக்கொண்டு, திரும்ப அனுப்பச் சொல்லி வேகத்தையும் குறைத்துவிடும். அதனால்தான் ஒரு உரையாடலைச் சேர்ந்த எல்லாத் துண்டுகளையும் ஒரே கேபிளில் அனுப்ப வேண்டும் என்று தரத்தை வகுத்தவர்கள் முடிவு செய்தார்கள். லினக்ஸில் துண்டுகளை மாற்றி மாற்றி இரண்டு கேபிளிலும் அனுப்பும் ரவுண்ட் ராபின் முறை ஒன்று உண்டு. புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

"தம்பி, ரெண்டு வயர் போட்டும் காப்பி ஸ்பீடு அதேதான் காட்டுது" என்று ஸ்டூடியோக்காரர் போன் செய்தால், பெரும்பாலும் அவர் ஒரே பிசியை வைத்துச் சோதித்திருப்பார். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரு நாஸில் வேலை செய்யும் இடத்தில் இது நன்றாகக் கைகொடுக்கும். ஒரே ஒரு எடிட்டர் பெரிய கோப்புகளோடு மல்லுக்கட்டும் இடத்தில் இது எதையும் மாற்றாது. அவருக்கு 2.5 கிகாபிட் கார்டும் சுவிட்சும்தான் தீர்வு. அந்தத் தரம், 802.3பிஇசட், 2016இல் வந்தது. ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேட் 5ஈ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும். பிசியிலும் நாஸிலும் இரண்டிரண்டு போர்ட் இருந்தால் எஸ்எம்பி மல்டிசேனல் என்ற வழியும் உண்டு. அதில் கோப்புப் பகிர்வு மென்பொருளே ஒரு காப்பியை இரண்டு வழியில் பிரித்து அனுப்பும். சுவிட்சில் எதுவும் மாற்ற வேண்டியதில்லை, சேர்க்கையும் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் இன்னும் இரண்டு. வீட்டுக்கு வரும் இரண்டு பிராட்பேண்ட் லைன்களை இப்படிச் சேர்க்க முடியாது. அது ரவுட்டரில் செய்யும் வேறு வேலை. அப்புறம் கேமராக்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகளில் 32 கேமரா இருக்கிறது, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வைத்தாலும் மொத்தம் 128 மெகாபிட்தான். ஒரு கிகாபிட் கேபிளில் ஏழில் ஒரு பங்குகூட நிறையாது. அங்கே இரண்டு கேபிள் போடுவது வேகத்துக்காக இல்லை. ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்க வேண்டும் என்பதற்காக. அதுவும் நல்ல காரணம்தான், ஆனால் காசு கொடுப்பவருக்கு எதற்காகக் கொடுக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிகளைச் சரிபார்ப்பது

இரண்டு முனையிலும் ஆதரவு இருக்க வேண்டும். விலை குறைந்த, அமைப்பு மெனு இல்லாத அன்மேனேஜ்டு சுவிட்சில் இது நடக்காது. அதில் இரண்டு கேபிளை மற்றொரு அன்மேனேஜ்டு சுவிட்சோடு இணைத்தால் சுழல் உண்டாகும். எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் துண்டு ஒன்று ஒரு கேபிளில் போய் மற்றொன்றில் திரும்பி வந்து, மறுபடியும் போய், சில வினாடிகளில் நெட்வொர்க் மொத்தமும் முடங்கிவிடும். எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னினால் அது சுழல். உடனே ஒரு கேபிளைப் பிடுங்குங்கள்.

ஸ்மார்ட் என்று விற்கும் நடுத்தர சுவிட்சுகளில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் ஸ்டாட்டிக் சேர்க்கை மட்டும் இருக்கும், சிலவற்றில் எல்ஏசிபியும் இருக்கும். வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் விவரத்தாளில் எல்ஏசிபி அல்லது 802.3ஏடி என்ற சொல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் வரும் சார்" என்று சொல்வதை வைத்து வாங்காதீர்கள்.

எல்ஏசிபி ஏன் அவ்வளவு முக்கியம்? ஸ்டாட்டிக் முறையில் சுவிட்ச் எதையும் விசாரிக்காது. விளக்கு எரிகிறதா, சரி, அனுப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். மறுமுனையில் கேபிள் தவறான போர்ட்டில் சொருகியிருந்தாலும் அதற்குத் தெரியாது. பாதிப் பேருக்கு நெட்வொர்க் வரும், பாதிப் பேருக்கு வராது. எல்ஏசிபியில் இரு முனையும் செய்தி பரிமாறிக்கொண்ட பிறகே கேபிள் குழுவில் சேரும். பேச்சு நின்றால் தானே விலகும். மெதுவான முறையில் 30 வினாடிக்கு ஒரு செய்தி, 90 வினாடி பதில் இல்லாவிட்டால் விலக்கல். வேகமான முறையில் 1 வினாடிக்கு ஒன்று, 3 வினாடியில் விலக்கல். வேறு வழியே இல்லாதபோதுதான் ஸ்டாட்டிக்.

சுவிட்சே மாற்ற முடியாது, அன்மேனேஜ்டுதான் என்றால் சினாலஜியில் அடாப்டிவ் லோட் பேலன்சிங் என்று ஒரு முறை இருக்கிறது. அது சுவிட்சின் உதவி இல்லாமலே ஓரளவு பங்கிடும். சின்ன இடத்துக்கு அது போதும்.

கேபிள்

பாதித் தோல்விகள் இங்கேதான். சேரும் போர்ட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில், ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிகிற நிலையில்) இருக்க வேண்டும். ஒன்று 1000, மற்றொன்று 100 என்றால் இரண்டும் ஒரே குழுவில் சேராது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும்: 1, 2, 3, 6 ஆகிய பின்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். அதனால் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாக அழுந்தாமல் போனால் விளக்கு எரியும், பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்ற சோதனை) போகும், இணையம் வரும், எல்லாம் சரி என்று தோன்றும். வேகம் மட்டும் 100இல் நிற்கும். போர்ட் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கிரிம்ப் செய்யும் வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி கீழே, பின்கள் மேலே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலம்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டுக் கம்பியும் கனெக்டரின் முன்சுவரைத் தொட்டிருக்கிறதா என்று நுனியிலிருந்து பாருங்கள். எட்டுச் செம்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். வெளி உறையும் கனெக்டருக்குள் போய் அழுந்தியிருக்க வேண்டும். கம்பி மட்டும் உள்ளே போய் உறை வெளியே நின்றால் கொஞ்ச நாளில் இழுபட்டு விலகும்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நீண்ட தூரத்தில் வேகம் விழும், கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் பிஓஇ கேமராவுக்கு அதுவும் ஒழுங்காகப் போகாது.

பெரிய வீடுகளில் வழி பார்ப்பது

செட்டிநாட்டு வீட்டில் நெட்வொர்க் போடுவது வேறு எந்த ஊர் வேலையைப் போலவும் இருக்காது. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். நேர்கோட்டில் அளந்தால் போதுமே என்று நினைக்காதீர்கள். சுவரோரமாக ஏறி இறங்கிப் போனால் தூரம் கூடிக்கொண்டே போகும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. நூலைப் பிடித்து வழியை நடந்து அளந்த பிறகே கேபிள் வாங்குங்கள்.

சுவரைத் துளைக்கும் பேச்சையே எடுக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு அது. ஒரு இடத்தில் பெயர்ந்தால் அதே பளபளப்பில் திருப்பிச் செய்ய ஆள் கிடைப்பது அரிது. "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுறாதப்பா" என்று வீட்டு ஆச்சி சொல்வதற்கு முன்பே நீங்கள் அதைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் உங்களுக்கு மரியாதை கூடும். ஏற்கெனவே மின்வயர் போகும் துளைகள், மாடிப் பரண், கூரை ஓரம், பக்கத்துச் சந்து, இவைதான் வழி. மின்வயரோடு ஒட்டி ஓடாமல் சற்றுத் தள்ளிக் கொண்டுபோங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைத் தோண்டுவது வேண்டவே வேண்டாம்.

முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போகும் முதுகெலும்பு இணைப்புக்கு நான் ஃபைபரைத்தான் சொல்வேன், 100 மீட்டருக்குள் இருந்தாலும்கூட. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் நீண்ட செம்புக் கம்பி இரண்டு முனை சுவிட்சையும் சேர்த்து எரித்துவிடும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. சிங்கிள் மோட் கேபிள் போடுங்கள். சாதாரண எஸ்எஃப்பி (சுவிட்சில் சொருகும் ஃபைபர் முனை) ஒன்றுக்கு இரண்டு இழை வேண்டும், இரண்டு இணைப்புக்கு நாலு இழை. ஒரே இழையில் போய்வரும் பைடை வகையும் கிடைக்கும். அதை ஜோடியாக, இரண்டு முனைக்கும் பொருந்தும் வகையில் வாங்க வேண்டும்.

இரண்டு இணைப்பையும் ஒரே குழாயில் கொண்டுபோனால் எலியோ அணிலோ ஒரே இடத்தில் இரண்டையும் கடித்துவிடும். பழைய வீட்டுப் பரணில் இது நடக்கும். ஒன்றைப் பரண் வழியாகவும் மற்றொன்றைச் சந்து வழியாகவும் கொண்டுபோங்கள். இரண்டின் நீளமும் வேறுபட்டால் பரவாயில்லை. ஒரு உரையாடல் ஒரே கேபிளில் போவதால் வரிசை குலையாது.

சுவிட்சில் எஸ்எஃப்பி இடம் இல்லை என்று, ஃபைபரைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் ஃபைபர் அறுந்தாலும், சுவிட்சுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ள செம்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். ஸ்டாட்டிக் முறையில் சுவிட்ச் அறுந்த வழியிலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்ஏசிபி, அதுவும் வேகமான முறை, இங்கேதான் காப்பாற்றும்.

அமைக்கும் வரிசை

நாள் பார்த்துச் செய்யுங்கள். ஸ்டூடியோக்களில் ஆடி மாதமும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத காலம். அப்போது நெட்வொர்க்கை ஒரு மணி நேரம் நிறுத்தினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஹோட்டலில் அறைகள் காலியாகும் காலை நேரம் நல்லது.

இரண்டு சுவிட்சின் இப்போதைய அமைப்பையும் கோப்பாகச் சேமித்து லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பைக் குழுவில் சேராத ஒரு போர்ட்டில் இணையுங்கள். சேர்க்கப்போகும் போர்ட் வழியாகவே உள்ளே நுழைந்து வேலை செய்தால், நடுவில் வெளியே தள்ளப்பட்டு நிற்பீர்கள்.

இப்போது இரண்டாவது கேபிளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சொருக வேண்டாம். புதியவர்கள் தவறாமல் பிடிக்க வேண்டிய ஒழுங்கு இதுதான்: இரண்டு முனையிலும் அமைப்பு முடிந்த பிறகே இரண்டாவது கேபிள் போர்ட்டுக்குள் போக வேண்டும். அப்படிச் செய்தால் சுழல் வர வாய்ப்பே இல்லை. சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு இயங்கினால் அது ஒரு கேபிளைத் தடுத்துவைத்துச் சுழலைத் தவிர்க்கும்தான். அதை அணைக்கவும் கூடாது. ஆனால் அதை நம்பி அவசரப்படாதீர்கள்.

சுவிட்ச் மெனுவில் புதிய குழு ஒன்றை உருவாக்குங்கள். வகை எல்ஏசிபி, நிலை ஆக்டிவ். இரண்டு முனையும் ஆக்டிவ் என்றாலும் சரி, ஒன்று ஆக்டிவ் ஒன்று பாஸிவ் என்றாலும் சரி. இரண்டும் பாஸிவ் என்றால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள், குழு உருவாகாது. பிறகு போர்ட்டுகளைச் சேருங்கள். இரண்டு, நாலு, எட்டு என்ற எண்ணிக்கை நல்லது. பல சிஸ்கோ சுவிட்சுகள் போக்குவரத்தை எட்டுப் பங்காகப் பிரித்துப் போர்ட்டுகளுக்குக் கொடுக்கும். மூன்று போர்ட் வைத்தால் 3, 3, 2 என்று ஏற்றத்தாழ்வாகத்தான் விழும்.

விலான் அமைப்பைத் தனித்தனிப் போர்ட்டில் செய்யாமல் குழுவின் மேல் செய்யுங்கள். குழுவுக்குள் இருக்கும் போர்ட்டுகளில் விலான் வேறுபட்டால் சில சுவிட்சுகள் ஒன்றை வெளியே தள்ளிவிடும், சில சுவிட்சுகள் பேசாமல் இருந்து பிறகு தொல்லை கொடுக்கும்.

அடுத்து மறுமுனை. சினாலஜியாக இருந்தால் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், புதிய பாண்ட் உருவாக்கச் சொல்லி, 802.3ஏடி டைனமிக் லிங்க் அக்ரிகேஷனைத் தேர்ந்தெடுங்கள். நாஸுக்கு நிலையான ஐபி கொடுங்கள். பாண்ட் உருவாகும்போது முகவரி மாறிப்போனால் எல்லாப் பிசியிலும் டிரைவ் இணைப்பு அறுந்துவிடும்.

இப்போது இரண்டாவது கேபிளைச் சொருகுங்கள். சில வினாடியில் குழுவின் நிலைப் பக்கத்தில் இரண்டு போர்ட்டும் சேர்ந்ததாகக் காட்டும். பார்ட்னர் என்ற இடத்தில் இரண்டு போர்ட்டுக்கும் ஒரே முகவரி தெரிய வேண்டும். வேறு வேறு முகவரி தெரிந்தால் கேபிள்கள் இரண்டு வேறு பெட்டிகளுக்குப் போயிருக்கின்றன. ஒரு கேபிள் ஒரு சுவிட்சுக்கும் மற்றொன்று வேறு சுவிட்சுக்கும் போகலாமா என்றால், அந்த இரண்டு சுவிட்சும் ஸ்டாக் போன்ற முறையில் ஒரே சுவிட்ச் போல இயங்கினால் மட்டுமே போகலாம். நடுவில் ஒரு சின்ன அன்மேனேஜ்டு சுவிட்சை வைத்து நீட்டவும் கூடாது. எல்ஏசிபி செய்திகள் அடுத்த பெட்டியோடு நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டவை.

எந்தக் கேபிளில் எது போகும் என்ற கணக்கு

குழு உருவாகிவிட்டது, ஆனால் ஒரு கேபிள் நிரம்பி வழிகிறது, மற்றொன்று சும்மா இருக்கிறது. இதுதான் அடுத்து வரும் புகார். காரணம் ஹேஷ் எனப்படும் கணக்கு. சுவிட்ச் எந்தக் கேபிளில் எவ்வளவு நெரிசல் என்று பார்த்து அனுப்புவதில்லை. அனுப்புநர், பெறுநர் முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போடும். விடை சொல்லும் கேபிளில் அனுப்பும்.

ஒரு ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். நாஸின் முகவரி 192.168.10.10. பிசிகள் 21, 22, 23, 24. ஐபியை வைத்துக் கணக்கிடும் முறை, இரண்டு கேபிள். மிக எளிய வடிவில், இரண்டு முகவரியின் கடைசி எண்ணையும் பார்த்து, இரண்டும் இரட்டை அல்லது இரண்டும் ஒற்றை என்றால் முதல் கேபிள், ஒன்று ஒற்றை ஒன்று இரட்டை என்றால் இரண்டாவது கேபிள். நாஸின் 10 இரட்டை. 21 ஒற்றை, அதனால் இரண்டாவது கேபிள். 22 முதல் கேபிள். 23 இரண்டாவது. 24 முதல். ஆளுக்குப் பாதியாகப் பிரிந்துவிட்டது. இதே இடத்தில் யாரோ பிசிகளுக்கு 21, 23, 25, 27 என்று விட்டு விட்டுக் கொடுத்திருந்தால்? நாலும் இரண்டாவது கேபிளில் போய் முட்டிக்கொள்ளும், முதல் கேபிள் காலியாக நிற்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும், இவ்வளவு எளிதாக இருக்காது. ஆனாலும் பிசிகளுக்கு அடுத்தடுத்த எண்களைக் கொடுப்பது எப்போதும் நல்ல பழக்கம்.

பல சுவிட்சுகளில் முதலில் இருப்பது மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள சொந்த எண்ணை) மட்டும் பார்க்கும் முறை. எல்லாரும் ஒரே விலானில் இருந்தால் அது பரவாயில்லை. நாஸ் ஒரு விலானிலும் பிசிகள் வேறு விலானிலும் இருந்தால், நாஸுக்கு வருவதெல்லாம் ரவுட்டரின் மேக் முகவரியிலிருந்து வருவதாகவே தெரியும். முகவரி ஒன்று, விடை ஒன்று, கேபிளும் ஒன்று. அங்கே ஐபியைப் பார்க்கும் முறைக்கு மாற்றினால் உடனே பிரியும். டிசிபி போர்ட் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் முறை இருந்தால் அதையே எடுங்கள்; ஒரே பிசியிலிருந்து பல இணைப்புகள் போனாலும் அவை பிரிய வாய்ப்பு உண்டு.

பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று: கணக்கை ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் போடுகிறது. நாஸுக்குள் எழுதும்போது சுவிட்ச் தேர்ந்தெடுக்கும். நாஸிலிருந்து படிக்கும்போது நாஸ் தேர்ந்தெடுக்கும். எடிட்டிங்கில் படிப்பதுதான் அதிகம் என்பதால், சுவிட்சில் மட்டும் முறையை மாற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். லினக்ஸ் பாண்டில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் மேக் முறைதான் இருக்கும். அங்கேயும் மாற்ற வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

இரண்டு பிசியில் இரண்டு பேரை உட்காரவைத்து, ஒரே நேரத்தில் ஆளுக்கு 10 ஜிபி கோப்பை நாஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிகாபிட் கேபிளில் நடைமுறையில் வினாடிக்கு 110 எம்பி அளவு வரும். 10 ஜிபிக்கு ஒன்றரை நிமிடம். இருவருக்கும் அந்த வேகம் கிடைத்தால் சேர்க்கை வேலை செய்கிறது. இருவருக்கும் 55 என்று பாதியாகக் குறைந்தால், இரண்டும் ஒரே கேபிளில் விழுந்திருக்கலாம். ஒரு பிசியின் ஐபியை ஒன்று கூட்டிப் பாருங்கள். சுவிட்சின் போர்ட் கணக்குப் பக்கத்தில் எந்தப் போர்ட்டில் எண்ணிக்கை ஏறுகிறது என்றும் பார்க்கலாம்.

போர்ட் இரண்டிலும் எண்ணிக்கை ஏறியும் வேகம் வரவில்லையா? அப்போது டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். ஒரே ஹார்டுடிஸ்க்கில் இரண்டு பேர் இரண்டு மூலையிலிருந்து படித்தால் ஊசி அங்கும் இங்கும் ஓடியே நேரம் போகும். நெட்வொர்க்கை மட்டும் தனியாகச் சோதிக்க ஐபெர்ஃப்3 மென்பொருள் உதவும். அதன் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு பிசியைத்தான் ஏற்கும். அதனால் 5201, 5202 என்ற இரண்டு போர்ட் எண்களில் இரண்டு சர்வர் ஓடவிட்டு, இரண்டு பிசியிலிருந்தும் ஒரே நேரத்தில் அடியுங்கள்.

பிறகு ஒரு பிங்கை ஓடவிட்டுக்கொண்டே ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு பிங் தவறலாம், அவ்வளவுதான். திரும்பச் சொருகி, குழுவில் சேர்ந்ததும் மற்றொன்றைப் பிடுங்குங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிடுங்கிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். ஹோட்டலாக இருந்தால் உரிமையாளரையும் பக்கத்தில் நிறுத்தி அவர் கையாலேயே பிடுங்கச் சொல்லுங்கள். எதற்குக் காசு கொடுத்தோம் என்று அவருக்கே புரியும்.

எல்லாம் சரி என்றதும் அமைப்பைச் சேமியுங்கள். பல சுவிட்சுகளில் மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும், ஆனால் தனியாக சேவ் கொடுக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும். இரண்டு கேபிளும் சொருகியபடி இருக்க, குழு மட்டும் காணாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை வரும் நாளில், நீங்கள் தேவகோட்டையில் வேறு வேலையில் இருக்கும்போது, அந்தச் சுழல் கிளம்பும். அதனால் சேவ் கொடுத்த பிறகு சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டு, குழு தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கேபிள்களின் இரண்டு முனையிலும் குழு எண்ணும் போர்ட் எண்ணும் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். சேமித்த அமைப்புக் கோப்பின் ஒரு பிரதியை உரிமையாளரிடமும் கொடுத்துவிடுங்கள்.